கழுத்துக்குக் கீழே அப்ரோஸ் பேகம்

ராஜபாளையத்தில் போன நகராட்சித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு நின்ற பெண்களில் பாதிப் பேருக்குக் கழுத்துக்கு மேலே அவரவர் முகம். கழுத்துக்குக் கீழே எல்லாருக்கும் ஒரே உடம்பு. அது அப்ரோஸ் பேகத்தின் உடம்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு தினமும் ராஜபாளையத்துக்கு வேலைக்கு வந்துபோகிற ஒரு பிளெக்ஸ் டிசைனரின் உடம்பு இத்தனை கட்சியில் ஒரே சமயத்தில் சேர்ந்திருக்கிறது என்பது கட்சிக்காரர்களுக்குத் தெரியாது. கடை முதலாளி பால்பாண்டிக்கே தெரியாது. தெரிந்தவர்கள் அப்ரோசும், அவளோடு வேலை பார்க்கும் அனுசியாவும்தான். அப்படித்தான் அப்ரோஸ் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. அத்தா பிச்சை முகம்மது குடையும் பூட்டும் ரிப்பேர் பார்த்தவர். மகள் பன்னிரண்டாவது முடித்ததும், மாப்பிள்ளை வருகிறவரைக்கும் வீட்டில் டிவிதான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் கம்ப்யூட்டர் பழகச் சேர்த்துவிட்டார். மாப்பிள்ளை யாசின் வந்தான். கம்ப்யூட்டரும் விடாமல் கூடவே வந்தது. யாசின் ஓட்டுவது குட்டியானை என்று எல்லாரும் சொல்கிற சின்ன லோடு வண்டி. அப்ரோஸ் ராஜபாளையம் பால்பாண்டியின் பிளெக்ஸ் கடையில் சேர்ந்த பிறகு கடையின் லோடும் அவனுக்கே வந்தது. காலையில் இருவரும் அதே வண்டியில் வருவார்கள். அவள் டிசைன் செய்ததை அவன் ஏற்றிப்போய் ஏணி வைத்துக் கட்டிவிட்டு வருவான்.

பேனர் டிசைன் என்றால் படத்தை வெட்டி ஒட்டுகிற வேலை என்று வெளியாள் நினைப்பான். உண்மையில் அது கல்யாணப் பந்தியில் ஆள் உட்கார வைக்கிற வேலை. மறைந்த தலைவர்களுக்கு மேலே வட்டம் வட்டமாக இடம். இருக்கிற தலைவருக்கு நடுவில் பெரிய இடம். மாவட்டத்தின் தலை ஒன்றியத்தின் தலையைவிடச் சிறுத்துவிடக் கூடாது. ஒன்றியத்தின் தோள் நகரத்தின் காதை மறைத்துவிடக் கூடாது. இத்தனை பேருக்கும் அடங்கி ஒடுங்கிக் கும்பிடு போட்டபடி கீழே ஓரமாக நிற்பார் பேனருக்குச் செலவழித்தவர். ஓரமாக நின்றாலும் எல்லாரையும்விட அவர்தான் பெரிதாகத் தெரிய வேண்டும். இந்த வித்தை கைவந்ததால்தான் எல்லாக் கட்சிக்காரர்களும் பால்பாண்டி கடையைத் தேடி வந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் கடைசியில் குரலைத் தணித்து ஒன்று சொல்வார்கள். "கலரக் கொஞ்சம் ஏத்தி விடும்மா." வெயிலில் கொடி பிடித்துக் கறுத்த மனிதர்கள் அப்ரோசின் மவுஸில் சிவந்து, சுருக்கம் நீங்கி, மீசை அடர்ந்து எழுந்து நிற்பார்கள். சினிமா வந்தால் இன்னும் கூத்து. எந்தப் படத்திலாவது கதாநாயகன் மழையில் வேட்டியை மடித்துக் கட்டி நடந்து வந்துவிட்டால், அடுத்த வாரமே வட்டச் செயலாளர்களுக்கெல்லாம் மழை வேண்டும். ராஜபாளையத்தில் பெய்த மழையைவிடப் பேனரில் பெய்த மழை அதிகம். சிங்கம் ஓடிவரும், குதிரை பாயும், பின்னால் எதுவோ வெடிக்கும். நடுவில் நிற்கிறவர் செட்டியார்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் சாதுவான மனிதராக இருப்பார். அவர் தன் படத்தில் தானே மயங்கி, "நான் போய்ச் சேந்தாலும் இதையே போடுலே" என்று மகனிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

தேர்தல் நெருங்கினால் பேனரோடு முடியாது. தொப்பி, விசிறி, சாவிக்கொத்து, சட்டையில் குத்துகிற பேட்ஜ், தலைவர் முகத்தை அட்டையில் வெட்டி நூல் கட்டிய முகமூடி என்று கடை நிறைந்துவிடும். தளவாய்புரத்தில் வருஷமெல்லாம் நைட்டி தைக்கிற மிஷின்கள் கட்சித் துண்டுக்கு ஓரம் அடிக்கத் தொடங்கும். தேர்தல் முடிந்ததும் துண்டு கைப்பிடித் துணியாகும், பேனர் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும், முகமூடியைப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு தெருவில் கள்ளன் போலீஸ் விளையாடுவார்கள். ஜெயித்தவர் முகம் என்றும் தோற்றவர் முகம் என்றும் பிள்ளைகளுக்குப் பேதம் கிடையாது.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். முகத்தை மட்டும் கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம். ஆதார் அட்டையிலிருந்தும், யாரோ ஒருவர் கல்யாணத்தில் வாய் நிறையச் சோற்றோடு எடுத்த போட்டோவிலிருந்தும் தலையை வெட்டி எடுத்தால், அதை வைக்க ஓர் உடம்பு வேண்டாமா? இதற்காகவே அப்ரோசின் கம்ப்யூட்டரில் 'உடம்பு' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. வெள்ளைச் சட்டையில் கும்பிடுகிற உடம்பு, கை அசைக்கிற உடம்பு, வேகமாக நடந்து வருகிற உடம்பு. எல்லாம் ஆண்கள். பெண்கள் பேனரில் வருவது சடங்குக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமாக இருந்தவரை அதில் குறை தெரியவில்லை.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆனதும்தான் முழி பிதுங்கியது. கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலின்போது பெண்டாட்டியின் முகத்தை போனில் வைத்துக்கொண்டு புருஷர்கள் வரிசையாக வந்தார்கள். இணையத்தில் தேடினால் கிடைத்த பெண் உடம்பெல்லாம் வடக்கத்திக் கட்டு. முந்தானை வலது தோளில் கிடந்தது. "இது யாரு, இந்தி சீரியல் மாமியாரா?" என்று ஒருவர் எழுந்து போய்விட்டார். அன்று மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் அப்ரோஸ் அனுசியாவின் கரை வைத்த சுங்கடிச் சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டு, முக்காட்டை இறக்கிவிட்டு, வெள்ளைச் சுவர் முன்னால் கைகூப்பி நின்றாள். அனுசியா போனில் எடுத்தாள். தலையைத்தான் வெட்டிவிடப் போகிறோமே, அப்புறம் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்பது அப்ரோசின் தைரியம். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி வலது சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கும். அதை நிமிர்த்தலாமா என்று யோசித்தாள். விரலை எவன் பார்ப்பான் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் கழுத்தை விட முடியவில்லை. கழுத்தில் கருகமணி கிடந்தது. தாலி மாதிரி, நிக்காஹ் அன்று யாசினின் அக்கா கட்டிய கருப்புப் பாசிமணிச் சரம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பிடித்து இழுத்து அறுத்துவிட, மணிகளைப் பொறுக்கி யாசின்தான் புது நூலில் கோத்தான். ஒரு மணி எங்கோ உருண்டு போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு சிவப்புப் பவளத்தைக் கோத்துவிட்டான். "ஏங்க, கருப்புக்கு நடுவுல செவப்பா?" என்று அப்ரோஸ் சிணுங்கியதற்கு, "இருக்கட்டும். கூட்டத்துல தொலைஞ்சாலும் உன்னையக் கண்டுபிடிச்சிரலாம்" என்றான்.

அந்தக் கருகமணியைப் படத்தில் அழிக்க அவளுக்கு என்னவோபோல் இருந்தது. அழிப்பதற்குப் பதிலாக அதன்மேல் தடிமனான தாலிச்சரடும் ரெட்டை வடச் சங்கிலியும் தனி லேயராகப் போட்டு மூடினாள். லேயர் என்பது கண்ணாடித் தாள் மாதிரி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், வேண்டாததை மறைத்து வைக்கலாம். அன்றிலிருந்து அந்த உடம்பு பஞ்சாயத்துத் தலைவிகளுக்கும் மகளிரணிச் செயலாளர்களுக்கும் பொங்கல் வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து என்று உழைத்துக்கொண்டே இருந்தது. எதிரெதிர்க் கட்சிக்குச் சேலை நிறத்தை மட்டும் மாற்றிவிடுவாள்.

யாசினுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது. அந்தப் பயம் அவளுக்குள் அடியில் கிடந்துகொண்டே இருந்தது. யாசின் முரடன் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. ஆனால் கூச்சம் பிடித்தவன். சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த படத்தை அப்ரோஸ் ஒருமுறை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்ததற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு அலைந்தான். "ஊருல இருக்கவன்லாம் பாக்கவா?" என்ற ஒரே கேள்விதான் கேட்டான். அந்தக் கேள்வி இப்போது ஆளுயரத்துக்கும் மேலே தெருவுக்குத் தெரு நிற்கிறது, அதை அவனே ஏணி வைத்துக் கட்டுகிறான்.

கட்டுகிற வேலையில் யாசின் கெட்டிக்காரன். அவன் போட்ட முடிச்சு காற்றுக்கு அவிழாது. அவன்மேல் பால்பாண்டிக்கு ஒரே ஒரு புகார். பொம்பளை வேட்பாளர் பேனர் என்றால் சொன்ன உயரத்தில் கட்டமாட்டான்; ஒரு முழம் ஏற்றித்தான் கட்டுவான். "ஏலே, மாடியில இருக்கவனுக்கு மட்டுமா ஓட்டு இருக்கு?" என்று பால்பாண்டி கத்துவார். "காத்துக்குக் கிழிஞ்சிரும் அண்ணாச்சி" என்பான் யாசின். காற்று ஆம்பளை பேனரை மட்டும் ஏன் கிழிக்காது என்று யாரும் அவனைக் கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் நகராட்சித் தேர்தலும் வந்தது, ராபர்ட்டும் வந்தான். கட்சியின் வட்டச் செயலாளர். கட்சி பெயர் இங்கே வேண்டாம். எந்தக் கட்சியாக இருந்தாலும் இதே கதைதான். கவுன்சிலர் சீட்டுக்காக வருஷக்கணக்கில் போஸ்டர் ஒட்டி, வேன் பிடித்து, மாலை தூக்கி அலைந்தவன். கடைசி நேரத்தில் வார்டு பெண்கள் வார்டாகிவிட்டது. வேறு வழியில்லாமல் மனைவி அன்னத்தாயை நிறுத்திவிட்டான். கொண்டுவந்தது பாங்கு பாஸ்புக்கில் இருந்த அவள் முகம்.

"அக்காவ ஒரு தடவ கூட்டிட்டு வாங்களேன். நேரா எடுத்திரலாம்" என்றாள் அப்ரோஸ். கேட்பது அவள் வழக்கம், யாரும் கூட்டிவந்ததில்லை.

"அவளுக்கு ஏதும்மா நேரம்? சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி தறிக்குப் போறா. அதை முடிச்சிட்டுத்தான் தெருவுக்கே ஓட்டுக் கேக்க வாரா. நீ மத்தவியளுக்குப் போட்ட மாதிரி ஜம்முனு போட்டு விடு. ஒண்ணே ஒண்ணு. அவ பெந்தெகொஸ்தே சபைக்குப் போறவ. பொட்டு, பூவு, நகை ஒண்ணும் இருக்கப்படாது. தாலிகூட கெடையாது. பொறவு சபையில கேப்பாவ."

"சரிண்ணே."

"என் படத்தப் பக்கத்துல கொஞ்சம் பெருசாப் போட்டுரு. யாரு வேட்பாளர்னு ஜனங்களுக்கு ஒரு தெளிவு வேணும்லா."

தெளிவு வந்தது. வேட்பாளரைவிட வேட்பாளரின் கணவர் ஒரு சுற்றுப் பெரிதாக நின்றார். அப்ரோஸ் பொட்டை எடுத்தாள், பூவை எடுத்தாள், நகை லேயரை மறைத்தாள். அன்று வேலை தலைக்குமேல் கிடந்தது. ஒரு பக்கம் ஆலங்குளத்துக்குப் போகவேண்டிய பேனர்கள், இன்னொரு பக்கம் விடாமல் அடிக்கிற போன். முகத்துக்கும் உடம்புக்கும் நிறம் பொருந்துகிறதா, தலைவர்கள் வரிசை சரியா, கீழே சட்டப்படி போடவேண்டிய அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாள். கழுத்தைப் பார்க்கவில்லை. மற்ற வேட்பாளர்களுக்கெல்லாம் நகையைக் கூட்டிக் கூட்டிப் போட்டுப் பழகியவள், நகையே இல்லாத ஒருத்திக்கு முதல்முறையாகச் செய்கிறோம் என்பதை யோசிக்கவில்லை. தாலிச்சரடு விலகியதும் அடியிலிருந்த கருகமணி பளிச்சென்று வெளியே வந்து நின்றது, நடுவில் பவளத்தோடு.

அடுத்த நாள் காலையில் யாசின் அதை ஏற்றிப்போய் அன்னத்தாயின் தேர்தல் பணிமனைப் பந்தல் முகப்பில் கட்டிவிட்டு, மீதி லோடோடு ஆலங்குளத்துக்குப் போய்விட்டான்.

முதலில் பார்த்தது அந்தத் தெருவில் முட்டைக்கடை வைத்திருக்கும் பர்வீன். அவளுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சந்தோஷம்தான் பட்டாள். "பாருங்களேன், அன்னத்தாயி நம்ம ஆளுக மாதிரி கருகமணி போட்டுருக்கா! ஓட்டு அவளுக்குத்தான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். எதிர்க்கட்சிப் பையன்கள் சும்மா இருப்பார்களா? படம் எடுத்து, கழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'தாலி வேண்டாம் என்றவருக்குத் தேர்தலுக்காக மணியா?' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் சபை ஊழியர் அன்னத்தாய்க்கு போன் செய்து, "என்னம்மா இது?" என்று வருத்தப்பட்டுக் கேட்டார். அவள் தறியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

கடையில் அனுசியா தன் போனை நீட்டினாள். "அப்ரோசு, இங்க பாரு. ஓங்கழுத்து."

அப்ரோஸ் பார்த்தாள். வேலை போய்விடும் என்ற நினைப்பு முதலில் வரவில்லை. யாசின்தானே கட்டினான் என்ற நினைப்புதான் வந்தது. அவன் ஏணியில் நிற்கும்போது அந்தக் கழுத்து அவன் முகத்துக்கு நேரே இருந்திருக்கும். தன் கையால் கோத்த பவளம். போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அவன் எடுக்காமல் இருப்பது வண்டி ஓட்டுவதால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை அவளே நம்பவில்லை.

அதற்குள் ராபர்ட் கடைக்குள் புயலாக வந்தான். பின்னால் அன்னத்தாய் வந்தாள். ஒல்லியான, நெட்டையான பெண். தலைமுடியிலும் சேலையிலும் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, எவ உடம்ப எடுத்து எம் பொண்டாட்டிக்கு ஒட்டுனீய?" என்று ராபர்ட் பால்பாண்டியைப் பிடித்துக்கொண்டான். "அம்புட்டுப் பேரும் சிரிக்கான். சபையில கேக்காவ. கட்சியில கேக்காவ. எனக்கு இப்பவே தெரியணும், அது யாரு?"

பால்பாண்டி அப்ரோசைப் பார்த்தார். "ஏம்மா பேகம், யாருது அது?"

"நெட்ல எடுத்தது அண்ணாச்சி" என்றாள் அப்ரோஸ். சொல்லும்போதே முக்காட்டின் நுனியைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை அன்னத்தாய் பார்த்துவிட்டாள். வளைந்த சுண்டுவிரலையும் பார்த்தாள்.

பால்பாண்டி ராபர்ட்டின் தோளில் கைபோட்டு, "வாரும், ஒரு டீ குடிச்சிட்டுப் பேசுவோம். சாயங்காலத்துக்குள்ள புதுசு அடிச்சுத் தாரேன்" என்று வெளியே தள்ளிக்கொண்டு போனார். இருபது வருஷம் கட்சிக்காரர்களோடு காலம் தள்ளுகிறவருக்கு டீ எப்போது வாங்கவேண்டும் என்று தெரியும்.

அவர்கள் தலை மறைந்ததும் அன்னத்தாய் பக்கத்தில் வந்தாள். "அது ஓன் கழுத்துல கெடக்குறதுதானம்மா?"

அப்ரோசால் பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாக்கா. மன்னிச்சிருங்க. பொம்பள உடம்பு கெடைக்காம என்னையே எடுத்து வச்சேன். மூடித்தான் வச்சிருந்தேன். ஒங்களுக்கு நகை வேண்டாம்னதும் வெளிய வந்திருச்சு."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவியதான் காலையில கட்டுனாவ."

அன்னத்தாயே அப்ரோசின் முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டாள். "மூடிக்கோ. எங்க வீட்டுக்காரவிய பாத்தா வாய வச்சிட்டுச் சும்மா இருக்க மாட்டாவ. சபையில நான் சொல்லிக்கிடுதேன், அச்சுல வந்த தப்புன்னு." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். "எங்கன நிக்கணும்?"

"என்னக்கா?"

"போட்டோவுக்கு. எங்கன நிக்கணும்னு கேட்டேன். என் தலைய எல்லாரும் எடுத்திட்டுப் போறாவ, என்னைய யாரும் கூப்புடல. ஓன் உடம்புக்கு நான் ஓட்டு வாங்கி என்ன செய்ய?"

அப்ரோசுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அன்னத்தாயும் சிரித்தாள். சுவரோடு நிற்கவைத்து அப்ரோஸ் எடுத்தாள். முந்தானையைச் சரிசெய்தாள், பஞ்சைத் தட்டிவிடலாமா என்று யோசித்து, முடியில் இருந்ததை மட்டும் தட்டிவிட்டாள். கூப்பிய கைகள் நூல் அறுத்து அறுத்துக் காய்த்துப்போய், சாயம் போன மாதிரி வெளுத்திருந்தன.

டீ குடித்துத் திரும்பிய ராபர்ட் திரையைப் பார்த்து முகம் சுளித்தான். "என்னட்டி இது, தறியில நிக்க மாதிரியே நிக்க? ஒரு கெத்து வேண்டாமா? ஏம்மா, அந்தக் கையையாவது கொஞ்சம் மாத்தி விடு."

"எல்லாரும் என்னையத் தெனமும் தெருவுலதான பாக்காவ?" என்றாள் அன்னத்தாய். "பேனர்ல மட்டும் ஜமீன்தாரிணி மாதிரி நின்னா நம்பவா போறாவ? கைய மாத்துனா நான் தெருவுக்கு வரமாட்டேன். நீங்களே சேல கட்டிட்டு நின்னுக்கிடுங்க."

பால்பாண்டி இருமுவதுபோல் வெளியே போய்ச் சிரித்தார். ராபர்ட் அடங்கிவிட்டான். அப்ரோஸ் நிறத்தை ஏற்றவில்லை, விரலைத் தொடவில்லை. புதிய பேனர் சாயங்காலமே அச்சாகிச் சுருட்டி மூலையில் சாத்தப்பட்டது. தேர்தலுக்கு அன்னத்தாய் தப்பித்தாள். அப்ரோஸ் தப்பிக்கவில்லை. அவளுக்கு வரவேண்டியது ஆலங்குளத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

வண்டி வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. யாசின் எப்போதும்போல் இறங்கிவந்தான்; ஒருவேளை கவனிக்கவில்லையோ என்று அப்ரோசுக்குத் தோன்றியது. சுருளைப் பின்னால் ஏற்றினான், வண்டியை எடுத்தான். ஊரைத் தாண்டியதும் இடது பக்கம் மலை வந்தது. அவன் வேறு யார் போனிலாவது பார்த்துத் தெரிந்துகொள்வதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று அப்ரோஸ் நினைத்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது. காலையில கட்டுனீகள்ல, அந்த அன்னத்தாயக்கா பேனரு. அதுல இருக்கது..."

"நீதான்" என்றான் யாசின், ரோட்டைப் பார்த்தபடி.

அப்ரோஸ் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "பாத்துட்டீகளா?"

"நான் கோத்த பவளம் எனக்குத் தெரியாதா? மறைக்கலாம்னு டேப்பத் தேடுனேன். வண்டியில டேப்பு இல்ல. கீழ கட்சிக்காரன் அம்புட்டுப் பேரும் நிக்கான். இன்னும் கொஞ்சம் ஏத்திக் கட்டிட்டு வந்தேன். அந்த முட்டைக்கடைக்காரிக்கு அம்புட்டு உயரத்துலயும் கண்ணு தெரிஞ்சிருக்கு, ஆலங்குளம் வரைக்கும் போன்ல சேதி வந்திருச்சு."

"இன்னைக்குத்தான் தெரியுமா?"

யாசின் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிக் கொடுத்தான். "அந்தப் பஞ்சாயத்துத் தேர்தல்லயே தெரியும். மொத பேனரு கட்டும்போதே அந்தச் சுண்டுவெரலப் பாத்தேன். தெனமும் எனக்குச் சோறு போடுற கையி, தெரியாமலா போகும்? கட்டாம எறங்கிரலாம்னுதான் நெனச்சேன். கோவம்னா கோவம், அப்படி ஒரு கோவம். எறங்கி அங்கன நிக்கவன்ட்ட என்னன்னு சொல்ல? இது எம் பொண்டாட்டின்னா?"

"பொறவு?"

"பொறவு என்ன, ஒரு முழம் ஏத்திக் கட்டினேன். கீழ கட்டுனா ஒருத்தன் வெத்தல எச்சியத் துப்புவான். ஒருத்தன் சாஞ்சு நின்னு பீடி குடிப்பான். மாடு உரசிட்டுப் போகும். நீ கைகூப்பிக்கிட்டு நிக்கும்போது அதெல்லாம் நான் பாத்துட்டு இருக்கவா?"

அப்ரோசுக்கு அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து ஆத்திரமும் வந்தது. "இத்தன வருசமா தெரிஞ்சுக்கிட்டா வாயத் தொறக்காம இருந்தீக? நான் ஒவ்வொரு பேனருக்கும் செத்துச் செத்துப் பொழைச்சேன்."

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்" என்றான் யாசின்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிகிற இடம் வந்ததும், "நாளைக்கு அந்த உடம்ப அழிச்சிருதேன்" என்றாள்.

"அழிச்சா அழி, விட்டா விடு. கட்டுறது நாந்தான."

மறுநாள் காலையில் கடைக்குப் போகிற வழியில் முதலில் அன்னத்தாயின் பணிமனைக்குத்தான் போனார்கள். யாசின் ஏணி வைத்து ஏறிப் பழைய பேனரை அவிழ்த்தான். அதைக் கீழே போடாமல் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, வண்டிக்குள் அப்ரோசின் கையில் கொடுத்தான். பிறகு புதுச்சுருளைத் தூக்கிக்கொண்டு ஏறி விரித்தான். வெளுத்துக் காய்த்த கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இது யாரு?" என்று மேலேயிருந்து கேட்டான்.

"அந்த அக்காவேதான்" என்றாள் அப்ரோஸ்.

ராபர்ட் கீழே நின்று கையை ஆட்டினான். "இன்னைக்காவது எறக்கிக் கட்டுமய்யா! ஆளுக முகத்துக்கு நேரா இருக்கட்டும்!"

அன்னத்தாய் தறிக்குப் போகச் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றிருந்தாள். யாசின் அவளை ஒருமுறை பார்த்தான், பேனரை ஒருமுறை பார்த்தான். அப்புறம் கயிற்றை ஒரு முழம் மேலே ஏற்றி முடிச்சுப் போட்டான்.